மேனேஜரம்மாவின் கழுத்து

அந்தப் பெரிய ஓட்டலின் தரைத்தளத்துக்கும் கீழே இருந்த சலவைக்கூடத்தில் இரண்டு மேனேஜர்கள் உண்டு. ஒருவர் ஐந்தாவது மாடியில் ஏசி அறையில் இருப்பவர். மாதத்துக்கு ஒருமுறை கீழே வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார். இன்னொருவர் துண்டு மடிக்கும் நீள மேசையின் தலைமாட்டில் நிற்பவர். உயரம் நாலே முக்கால் அடி, சோடாபுட்டிக் கண்ணாடி, நெற்றியில் எப்போதும் ஒட்டிக்கிடக்கும் முடி. யாராவது கறை போகாத துண்டை மடித்து அடுக்கில் செருகிவிட்டால் அந்தக் கை நீளும். "இது என்ன? எடு. திரும்பத் துவை." மறுபேச்சு கிடையாது. அவளைத்தான் கூடத்தில் எல்லோரும் மேனேஜரம்மா என்றார்கள். மாடி மேனேஜருக்கே அவளிடம் கொஞ்சம் உதறல்தான்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அவள் பிறந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு. "இது பத்து வருஷம் இருந்தால் பெரிது" என்று அன்றைக்கு யாரோ சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அக்காவுக்கு அப்போது பிடித்த பயம் பிறகு விடவே இல்லை. பத்து போய், இருபது போய், முப்பதும் தாண்டியாயிற்று. இடையில் அப்பா போனார், அம்மா போனாள். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, "தங்கச்சியும் கூட வருவாளா?" என்ற கேள்வியோடு வந்த வழியே போயிற்று. சலவைக்கூடத்தில் அக்காவுக்கு விரிப்பு மடிக்கும் வேலை. கெஞ்சிக் கூத்தாடித் தங்கையையும் துண்டு மடிக்கச் சேர்த்துவிட்டாள். ஒன்பது வருடமாக இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புகிறார்கள்.

அக்கா சுபாவத்திலேயே பயந்தவள். லிஃப்டில் ஏற மாட்டாள். தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்க மாட்டாள். தங்கை ஒருமுறை தும்மினால் இரண்டாவது தும்மல் வருகிறதா என்று காத்திருப்பாள். "நீ பயந்து பயந்தே எங்களையும் சாகடிக்கறே" என்பார் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் நீராவி உருளையை ஓட்டும் பிரஸ் அண்ணன். அவர் அவளுக்குச் சொந்த அண்ணன் இல்லை; கூடத்துக்கே அண்ணன்.

பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். ஜோடி ஆள் வராத நாட்களில் அக்கா தங்கையைக் கூப்பிடுவாள். ஒருநாள் காலை அப்படி உதறும்போது தங்கையின் இடது கையிலிருந்து மூலை நழுவியது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை தங்கை அந்தக் கையையே முறைத்துப் பார்த்தாள்.

"என்னடி?"

"துணி வழுக்குது."

அன்றைக்கு அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தும்மலுக்குப் பயப்படுகிறவள் இதைக் கோட்டை விட்டாளே என்று பின்னால் எத்தனையோ முறை தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வீட்டு மாடிப்படி முப்பத்திரண்டையும் தடதடவென்று ஏறுகிறவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். கால்கள் கத்தரி போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தலையை ஒருபக்கம் சாய்த்தே வைத்துக்கொண்டாள். துண்டு அடுக்குகள் கோணலாயின. அவள் மடித்ததையே அவளுக்குத் தெரியாமல் மற்றவர்கள் பிரித்து மடித்தார்கள். பேச்சு குறைந்தது. யாரையும் அதட்டவில்லை. ஒரு விடியலில் படுக்கை நனைந்திருந்தது. ஐந்து வயதுக்குப் பிறகு அவளுக்கு அது நடந்ததே இல்லை. போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அக்கா ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து நனைத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம்தான் முதன்முறையாக ஃபோனில் தேடினாள். டவுன் சிண்ட்ரோம், முப்பத்து நாலு வயது, மறுபடியும் படுக்கையில் போகிறது. அடித்ததும் கொட்டியது பார், அப்பப்பா! ஒருவர் எண்ணெய் விற்றார். ஒருவர் அழுதுகொண்டே வீடியோ போட்டிருந்தார். ஒருவர் முன்ஜென்ம வினை என்றார். இந்தக் குப்பைக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது. ஒரு மருத்துவமனையும் சில குடும்பங்களும் சேர்ந்து நடத்துவது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைப் பராமரிப்பவர்களுக்கான உடல்நலக் கையேடு என்று மேலே எழுதியிருந்தது. குழந்தைக்கு, வளர்ந்தவர்களுக்கு, வயதாகிறவர்களுக்கு என்று தனித்தனிப் பிரிவுகள். தமிழும் பேசுகிற மாதிரி இருந்தது.

அக்கா போய் விழுந்தது வயதாகிறவர்களுக்கான பிரிவில். அங்கே மறதி நோயைப் பற்றி எழுதியிருந்தது. மற்றவர்களுக்கு எழுபதில் வருவது இவர்களில் பலருக்கு நாற்பதுகளிலேயே தொடங்கலாம். நடை, பேச்சு, சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் மாறலாம். அதற்குக் கீழேயே, இப்படி மாறினால் மறதி நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வேறு காரணங்களை முதலில் பாருங்கள் என்றும் எழுதியிருந்தது. ஆனால் பயந்தவள் கண்ணுக்கு அந்த இரண்டாவது வரி தெரியவில்லை. முதல் வரியோடு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து தங்கைக்குத் தெரியாமல் பரீட்சை வைக்க ஆரம்பித்தாள்.

"நேத்து என்ன கிழமை?"

"புதன்."

"காலையில என்ன சாப்பிட்டோம்?"

"நீதானே குடுத்த? உனக்குத் தெரியாதா?"

"பிரஸ் அண்ணனுக்கு எத்தனை பொண்ணு?"

தங்கை கண்ணாடிக்கு மேலாக அவளை உற்றுப் பார்த்தாள். "அக்கா, உனக்கு எல்லாம் மறந்து போச்சா? டாக்டர்கிட்ட போலாமா?"

சிரிப்பு வர வேண்டிய இடம். அக்காவுக்கு அழுகைதான் வந்தது. புத்தி கத்தி மாதிரி இருக்கிறது; அப்படியென்றால் உடம்புக்கு என்ன?

தெருமுனை கிளினிக் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கைராசிக்காரர், நல்ல மனிதர்தான். அன்றைக்கு வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது, ஒரு குறையும் இல்லை.

"அப்ப ஏன் டாக்டர் இப்படி நடக்கறா?"

"இவங்களுக்கெல்லாம் வயசு சீக்கிரம் ஏறும்மா. இத்தனை வருஷம் நீங்க பாத்துக்கிட்டதே பெரிய விஷயம். மனசைத் தேத்திக்குங்க."

உயிரோடு இருக்கிறவளைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு எதற்கு மனதைத் தேற்றுவது? தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மடியில் கிடந்த இடது கையை வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அடியில் கேள்வி அனுப்ப ஒரு கட்டம் இருந்தது. தட்டுத் தடுமாறி எழுதினாள். கை வழுக்குது. கால் பின்னுது. கழுத்து ஒரு பக்கம் சாயுது. படுக்கை நனையுது. நியாபகம் நல்லா இருக்கு. எனக்கு பயமா இருக்கு. எழுத்துப்பிழைகளோடு தன் நம்பரையும் போட்டு அனுப்பிவிட்டாள். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று ஒரு வரி வந்தது.

அடுத்த மூன்று நாளும் பதிலைக் காணோம். தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து மட்டும் தினமும் தவறிய அழைப்பு இருந்தது. கூடத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். சாயங்காலம் எடுத்துப் பார்ப்பாள். லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று நச்சரிக்கிறவர்கள்தான் என்று நினைத்து அழித்துவிடுவாள்.

அதற்குள் பிரஸ் அண்ணன் ஒரு வழி சொன்னார். "கழுத்து சாயுது இல்ல? கழுத்துலதான் ஏதோ பிடிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. ஒரே ஒரு திருகுதான். டக்குனு ஒரு சத்தம், ஆள் எழுந்து நடக்கும்." வேலை முடிந்ததும் வீடியோவும் காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், படுத்திருக்கும் ஆளின் தாடைக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துச் சட்டென்று திருப்பினார். எலும்பு சொடுக்கியது. படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அதைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கே அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் தேற்றிக்கொள் என்று சொன்னவரைவிட, நடக்க வைக்கிறேன் என்று சொல்கிறவர் மேல்தானே? சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார் பிரஸ் அண்ணன்.

கழுத்து வைத்தியரின் இடம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் முதுகெலும்புப் படம், மூலையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் அவருடைய வீடியோக்களே. ஒவ்வொரு சொடுக்குக்கும் தங்கை தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"வேணாம்க்கா."

"ஒண்ணும் ஆகாது. ஒரு நிமிஷம்தான்."

உதவிக்கு இருந்த பெண் பேர் கூப்பிட்டாள். "நோயாளி மட்டும் உள்ள வாங்க. நீங்க இந்தத் தாளை நிரப்புங்க." தங்கை அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு கால் பின்ன உள்ளே போனாள். திரைச்சீலை மூடிக்கொண்டது. அக்கா பேனாவைத் திறந்தாள். அப்போது ஃபோன் அடித்தது. அதே நம்பர். வேறு நாளாக இருந்தால் எடுத்திருக்க மாட்டாள். இன்றைக்கு உட்கார முடியவில்லை; கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. எடுத்துவிட்டாள்.

"பராமரிப்பாளர் கையேட்டுப் பக்கத்துலேர்ந்து பேசறேம்மா. நான் நர்ஸ். மூணு நாளா உங்களுக்கு அடிச்சிட்டே இருக்கேன். தங்கச்சியைப் பத்தி எழுதியிருந்தீங்களே, இப்ப எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்கா."

"கை நழுவறது, நடை மாறினது, படுக்கை நனையறது எல்லாமே இந்த சில மாசத்துல வந்ததுதானே? முன்னாடி கிடையாதே?"

"கிடையாது."

"கழுத்து சாய்ஞ்சே இருக்கா?"

"ஆமா. அதுக்குத்தான் இப்ப கழுத்து வைத்தியர்கிட்ட வந்திருக்கோம்."

நர்ஸின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"உள்ள போயிட்டாங்களா?"

"இப்பதான்..."

"போங்க. ஃபோனை வைக்காதீங்க. கழுத்துல கை வைக்க விடாதீங்க. போங்கம்மா, ஓடுங்க!"

நாற்காலி சாய்ந்தது, பேனா எங்கோ உருண்டது. திரைச்சீலையை அக்கா விலக்கினாளா கிழித்தாளா என்று அவளுக்கே தெரியாது. தங்கை மல்லாக்கப் படுத்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது இல்லாத முகம் சின்னக் குழந்தை முகம் போல இருந்தது. வைத்தியரின் இரண்டு கைகளும் அவள் தாடைக்குக் கீழே இருந்தன.

"கையை எடுங்க!"

தன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வைத்தியர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "என்னம்மா இது? நடுவுல இப்படி..."

"எடுங்க! தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

தங்கை எழப் பார்த்தாள். ஃபோனிலிருந்து நர்ஸ், "எழுப்பாதீங்க, அப்படியே படுக்கட்டும்" என்றாள். தலையின் இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி அண்டக் கொடுக்கச் சொன்னாள். ஆட்டோவிலோ பஸ்ஸிலோ உட்கார வைத்துக் கூட்டிப்போகக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கழுத்து என்று சொல்ல வேண்டும். கூப்பிட வேண்டிய நம்பரை எண் எண்ணாகச் சொன்னாள். அக்கா துப்பட்டாவையும் அங்கே கிடந்த ஒரு விரிப்பையும் சுருட்டி வைத்தாள். கடைசியாக நர்ஸ் இன்னொன்று சொன்னாள்: "அங்க போனதும், இவங்க எப்பவுமே இப்படித்தான்னு யாராவது சொல்லலாம். நல்லா இருந்தப்ப எடுத்த வீடியோ ஏதாவது இருந்தா காட்டுங்க."

ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிடம். அவ்வளவு நேரமும் அக்கா தங்கையின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள். தங்கை கூரையைப் பார்த்தபடி, "நான்தான் வேணாம்னு சொன்னேன்ல" என்றாள்.

நர்ஸ் சொன்னபடியே ஆயிற்று. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் தங்கையின் முகத்தைப் பார்த்தார், கோப்பில் ஏதோ எழுதினார். "டவுன் சிண்ட்ரோமா? இவங்களுக்கு நடை, கை எல்லாம் இப்படித்தான்மா தளர்வா இருக்கும்."

"இருக்காது." பெரிய படிப்புப் படித்தவர்கள் முன்னால் அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை. "இருக்காது டாக்டர். இதைப் பாருங்க."

போன வருடம் கூடத்தில் ஒருவர் ஓய்வுபெற்றபோது எடுத்த வீடியோ; அன்றைக்கு மட்டும் ஃபோனை உள்ளே விட்டிருந்தார்கள். துண்டு வண்டிகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நட்ட நடுவில் மேனேஜரம்மா. குதிக்கிறாள், சுற்றுகிறாள், பிரஸ் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வந்து ஆட வைக்கிறாள். மனிதர் மூச்சு வாங்க ஓடப் பார்க்கிறார். விட மாட்டேன் என்கிறாள்.

டாக்டர் முதலில் அரைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டார். வீடியோ முடிந்ததும் கோப்பை மூடிவிட்டுத் தங்கையிடம் வந்து, "என் விரலைப் பிடிங்க, பாப்போம்" என்றார். வலது கை பிடித்தது. இடது கை தொட்டது, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அளவுக்கு மீறி எகிறியது. அதற்கப்புறம் அவர் நடை மாறிவிட்டது. யாரையோ கூப்பிட்டார், தங்கையின் கழுத்தைச் சுற்றி விறைப்பான பட்டை ஒன்றைத் தானே மாட்டினார், வண்டியை எக்ஸ்ரே அறைக்குத் தானும் கூடத் தள்ளிக்கொண்டு போனார்.

அக்கா இங்கேதான் மிகவும் பயந்தாள். அதுவரை இவர்கள் அலட்சியமாக இருக்கிறார்களே என்று பயம். இப்போது இவ்வளவு அக்கறையாக இருக்கிறார்களே என்று பயம். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

படங்களையெல்லாம் பார்த்த அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி, நரைத்த தலை, வளவளவென்று பேசாதவர். கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவதின் மேல் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு முன்னால் நழுவியிருக்கிறது. உள்ளே போகும் தண்டுவடத்தை அது நசுக்குகிறது, செருப்புக் காலால் மிதித்த தண்ணீர்க் குழாய் மாதிரி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூட்டுகள் இளக்கமாக இருப்பதால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

"காலையில ஒருத்தர் திருகறதா இருந்தாரு டாக்டர்."

மருத்துவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திருகலையே? திருகியிருந்தா..." என்றவர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். அந்த முடியாத வாக்கியம் அக்காவை எத்தனையோ நாள் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆபரேஷன் செய்து அந்த எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்க வேண்டும். செய்யாவிட்டால் ஒரு தடுக்கலில் கையும் காலும் மொத்தமாகப் போகலாம், மூச்சும் நிற்கலாம். செய்தால் இதற்குமேல் போகாமல் நிறுத்தலாம். போனதில் எவ்வளவு திரும்பும் என்று உறுதியில்லை. செய்யும்போதும் ஆபத்து உண்டு. மருத்துவர் இவ்வளவையும் அக்காவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்கிட்ட சொல்லுங்க."

இருவரும் திரும்பினார்கள். கழுத்துப் பட்டையால் தலையைத் திருப்ப முடியாமல் தங்கை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கழுத்து அது. என்கிட்ட சொல்லுங்க."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் குனிந்து உட்கார்ந்தார். எலும்பு நழுவியிருப்பதைத் தன் இரண்டு முஷ்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். தூங்க வைப்போம், வலிக்காது, எழுந்தபிறகு வலிக்கும், அதற்கு மருந்து தருவோம், முடியைக் கொஞ்சம் வெட்டுவோம் என்றார்.

"எவ்வளவு முடி?"

"பின்னாடி மட்டும்."

"முன்னாடி தொடக் கூடாது."

"தொட மாட்டோம்."

மருத்துவர் போனபிறகு அக்கா அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கை இப்படி ஆனது எப்ப தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளா."

"அன்னிக்குத் துணி நழுவிச்சே, அதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே. ஊசி குத்தற மாதிரி இருக்கும். அப்புறம் தூங்கிடும்."

"ஏன்டி சொல்லலை?"

தங்கையின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. "சொன்னா வேலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்ட. வீட்ல வச்சுப் பூட்டிடுவ."

அம்மா இறந்த புதிதில் பதினோரு நாள் அப்படிச் செய்திருந்தாள் அக்கா. வேறு வழி இல்லை அன்றைக்கு. காலையில் பூட்டிவிட்டு ஓடி, மதியம் ஓடி வந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினாள். வாய் திறந்து அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தாள். ஒருத்தி தங்கைக்கு மறதி வந்துவிட்டதோ என்று நடுங்கிக்கொண்டிருக்க, இன்னொருத்தி ஒன்றையும் மறக்காமல் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பூட்ட மாட்டேன்" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிரஸ் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான்தானே அந்த ஆளைக் காட்டினேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா, "விடுங்கண்ணே, கூட்டிட்டுப் போனது நான்" என்றாள். பன்னிரண்டு அடித்தது. ஒரு மணி. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த ஒவ்வொரு ஆபத்தும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றது. இரண்டரைக்கு அறுவை மருத்துவர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றுமுன் அந்தக் கண்களில் எதையாவது படிக்க முடிகிறதா என்று அக்கா பார்த்தாள்.

"நல்லபடியா முடிஞ்சது. முழிச்சாச்சு. ரெண்டு காலும் அசைக்கறாங்க. முன்னாடி முடியைத் தொட்டீங்களான்னுதான் முதல்ல கேட்டாங்க."

பிரஸ் அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தார், பிறகு சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் கழுத்துப் பட்டையோடு இருந்தாள். படுக்கை நனைவது நின்றது. கால் பின்னுவது குறைந்தது; படியேற இன்னமும் ஒரு கை பிடித்துவிட வேண்டும். இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்ப முடியாது. யாரையாவது அதட்ட வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பித்தான் அதட்டுகிறாள். அது இன்னும் பயங்கரமாக இருக்கிறது என்கிறார்கள் கூடத்தில். அவள் தடுக்கினால் அக்காவுக்கு இன்றைக்கும் உயிர் ஒருமுறை போய்த்தான் வருகிறது.

அக்காவும் லீவு போட்டு வீட்டில் இருந்த அந்த மூன்று மாதத்தில், அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டு ஒருநாள் தங்கை கேட்டாள்.

"என்ன படிக்கற?"

"உன்னைப் பத்தித்தான்."

"என்னைப் பத்தின்னா சத்தமா படி."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கையேட்டை இருவரும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினார்கள். கண், காது, தைராய்டு, தூக்கத்தில் குறட்டை, பல். ஒவ்வொன்றுக்கும் தங்கை ஆமாம் என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொன்னாள். மறதி நோய்ப் பிரிவு வந்தபோது அக்கா தாண்டிப்போகப் பார்த்தாள். "அதையும் படி" என்றாள் தங்கை. படித்தாள். தங்கை முழுதும் கேட்டாள். பிறகு, "வந்தா நீ ஞாபகம் வச்சுக்கோ" என்றாள்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிய வாரம் கடைசிப் பிரிவுக்கு வந்தார்கள். பராமரிப்பவரின் உடல்நலம்.

"இது யாரு?"

"நான்தான். இது வேணாம் விடு."

"படி."

கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தது. அக்கா பார்த்ததே இல்லை. மறுநாள் காலையிலேயே தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

அதே தெருமுனை கிளினிக். அந்த டாக்டர் தங்கையின் கழுத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "நான் அன்னிக்கு அந்தக் கழுத்தைத் தொட்டுக்கூடப் பாக்கலை" என்றார், இருவரிடமும் சேர்த்து. பிறகு அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார்.

"எவ்வளவு நாளா தலைவலி இருக்கு?"

"அது எப்பவுமே இருக்கறதுதானே டாக்டர்."

"நூத்தி எண்பத்தெட்டு இருக்கும்மா. இதோட எப்படி நடமாடறீங்க?"

தங்கை முழு உடம்பையும் திருப்பி டாக்டரைப் பார்த்தாள். "செத்துடுவாளா?"

"சேச்சே. தினமும் மாத்திரை போடணும். விடாம போட்டா ஒண்ணும் ஆகாது."

"விடாம" என்று தங்கை திரும்பச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டம்ளரில் தண்ணீரோடு வந்து எதிரே நிற்கிறாள். அக்கா மாத்திரையை விழுங்கினபிறகும் நகர்வதில்லை. "வாயைத் திற" என்கிறாள். "நாக்கைத் தூக்கு."

அக்கா தூக்கிக் காட்டுகிறாள்.